உருகட்டும், அவசரமில்லை

சடங்கு வீடோ பிறந்தநாள் வீடோ, விழா முடிந்த மறுநாள் லயத்துக்குப் பின்னால் எரியும் குப்பையில் பரிசுத்தாளும் கட்டாயம் இருக்கும். தாள் என்று பெயரே தவிர, பளபளக்கும் வகைகளில் பல தாளே அல்ல. ஒரு துண்டை உள்ளங்கையில் வைத்துக் கசக்கி விட்டுப் பாருங்கள். கசங்கியபடியே கிடந்தால் காகிதம். மெல்ல நெளிந்து மீண்டும் விரிந்தால் பிளாஸ்டிக் படலம். அதன்மேல் மெல்லிய அலுமினியப் பூச்சும் இருக்கலாம். அது மக்காது, மறுசுழற்சிக்கும் எவரும் வாங்கமாட்டார்கள். எரித்தால் புகை நம் மூக்குக்குத்தான் வரும்.

நகரசபை லொறி ஏறிவராத தோட்டங்களில் எரிக்காத மிச்சம் கானுக்குள் போகிறது. இரத்தினபுரியில் ஆண்டுக்கு 3,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை. கானில் கிடப்பது எதுவும் கானில் தங்காது. எட்டியாந்தோட்டை, தெரணியகலைப் பக்கத்துக் குப்பை களனி கங்கைக்கும், இரத்தினபுரிப் பக்கத்தது களு கங்கைக்கும், பலாங்கொடைப் பக்கத்தது வளவை கங்கைக்கும் போய்ச் சேரும். ஒரு நிமிட ஆச்சரியத்துக்காகச் சுற்றிய தாள் மூன்று ஆறுகளுக்குப் பங்காகிறது.

தாளுக்குப் பதில் துணியால் பரிசைக் கட்டுவது புதிய யோசனை இல்லை. ஜப்பானில் சதுரத் துணியில் பொருளை முடிந்து கொடுக்கும் ஃபுரோஷிகி பழக்கம் பல நூற்றாண்டு பழையது. 2006இல் அந்நாட்டுச் சுற்றுச்சூழல் அமைச்சராக இருந்த யுரிகோ கொய்க்கே, பிளாஸ்டிக் பைகளைக் குறைப்பதற்காக அதை மீண்டும் முன்னுக்குக் கொண்டுவந்தார். நம் வீடுகளிலும் தீபாவளிப் பலகாரத் தட்டு ஒரு துணியால் மூடித்தான் லயம் விட்டு லயம் போகிறது. கடைத்தாளோடு போட்டி போடும் அளவுக்கு அந்தத் துணி அழகாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். பிள்ளைகளைக் கொண்டே அதைச் செய்ய ஒரு நல்ல வழி ஐஸ் சாயமிடல். ஈரத் துணியை மடித்துச் சுருட்டி, மேலே ஐஸ் கட்டிகளைக் குவித்து, அதன்மேல் சாயத்தூளைத் தூவிவிட்டுச் சும்மா இருப்பதுதான் வேலை. உருகி முடிந்த பிறகு துணியை விரித்தால் தூரிகையால் எவரும் வரைந்துவிட முடியாத கோலம் அதில் இருக்கும்.

ஐஸுக்கு நிறம் கிடையாது. அது துணிக்குத் தருவது நேரத்தை. அந்த நேரத்தில் என்ன நடக்கிறது என்று புரிந்தால் வெறும் கைவேலை ஒரு நல்ல இரசாயனப் பாடமாகிவிடும்.

நிறம் துணியைப் பிடிக்கும் மூன்று விதம்

வெள்ளைத் துணியில் நிறம் ஏற்றுவது பெரிய காரியமில்லை. ஏறிய நிறத்தை இறங்காமல் வைத்திருப்பதுதான் காரியம். பரிசு கட்டும் துணி பல கைகள் மாறி, பலமுறை தோய்க்கப்பட வேண்டியது. ஒவ்வொரு தோய்ப்பிலும் வெளிறினால் இரண்டாம் வீட்டோடு அதன் ஆயுள் முடிந்துவிடும்.

முதல் விதம், சும்மா ஒட்டிக்கொண்டிருப்பது. மஞ்சள் நீராட்டில் மஞ்சள் பட்ட வேட்டியைத் தோய்த்தவர்களுக்கு இது தெரியும். சவர்க்காரம் பட்டதும் கறை சட்டென்று செம்பழுப்பாகும். நன்றாக அலசினால் மறுபடி மஞ்சளாகும். மஞ்சளில் உள்ள குர்குமின் காரம் பட்டால் நிறம் மாறும் பொருள் என்பதே காரணம். கறை போகாமல் அடம்பிடிப்பது போலத் தெரிந்தாலும், அதைச் சில நாள் வெயிலில் போட்டால் தானாகவே வெளிறிவிடும். துணியோடு அதற்குள்ள பிடி பலவீனமானது. ஒளியையும் அது தாங்காது.

இரண்டாவது விதம், இடையில் ஒரு உலோகத்தைத் துணைக்கு வைத்துக்கொள்வது. படிகாரத்தில் உள்ள அலுமினியம் ஒரு பக்கம் நூலையும் மறுபக்கம் சாயத்தையும் பிடித்துக்கொள்ளும். மன்னார், யாழ்ப்பாண மணற்பரப்புகளில் கிண்டியெடுத்த சாயவேரின் சிவப்பு இப்படித்தான் துணியில் நின்றது. ஒல்லாந்தர் ஆட்சியில் அந்த வேரைக் கிண்டும் உரிமையே அரசின் ஏகபோகமாக இருந்தது என்றால் அந்தச் சிவப்புக்கு இருந்த மதிப்பை ஊகித்துக்கொள்ளலாம்.

மூன்றாவது விதத்தில் சாயம் துணியின் ஒரு பகுதியாகவே ஆகிவிடுகிறது. சாய மூலக்கூற்றுக்கும் நூலின் மூலக்கூற்றுக்கும் இடையே பங்கீட்டு வலுப் பிணைப்பு உண்டாகிறது. சவர்க்காரத்தாலும் சுடுநீராலும் அதை எளிதில் அறுக்க முடியாது. ஐஸ் சாயமிடலில் பயன்படுவது இந்த வகை.

இது வந்து எழுபது ஆண்டுதான் ஆகிறது. 1856இல் லண்டனில் பதினெட்டு வயது வில்லியம் பெர்கின் நிலக்கரித் தாரிலிருந்து கிடைக்கும் பொருளைக்கொண்டு கொயினைன் தயாரிக்க முயன்றபோது, எதிர்பாராமல் ஊதா நிறச் சாயம் ஒன்று கிடைத்தது. செயற்கைச் சாயத் தொழில் அதிலிருந்து பிறந்தது. மலேரியாவுக்கு மருந்தான அதே கொயினைனுக்காகத்தான், கோப்பிச் செடியை இலைநோய் அழித்த பிறகு, தேயிலை வேரூன்றும்வரை இலங்கைத் தோட்டத்துரைமார் சிங்கோனா மரம் நட்டார்கள். பெர்கினின் சாயத்துக்குச் சரியாக நூறு ஆண்டு கழித்து, 1956இல், பிரித்தானியாவின் ஐ.சி.ஐ. நிறுவனம் புரோசியன் என்ற பெயரில் புதிய சாயங்களை விற்பனைக்கு விட்டது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் அந்நிறுவனத்தின் இரசாயனவியலாளர்களான ராட்டியும் ஸ்டீபனும் பருத்தியோடு நேரடியாகப் பிணையும் சாயத்தைக் கண்டறிந்திருந்தனர்.

பாடசாலை இரசாயனம் படித்த எவருக்கும் அதன் வேலை புரியும். சாய மூலக்கூற்றின் ஒரு முனையில் மூன்று காபனும் மூன்று நைதரசனும் மாறிமாறி அமைந்த ஒரு வளையம். அதில் இரண்டு குளோரின் அணுக்கள் ஒட்டியிருக்கின்றன. பருத்தியோ செலுலோசு, அதன் நெடுஞ்சங்கிலி முழுக்க ஐதரொட்சில் கூட்டங்கள். சாதாரண நிலையில் இரண்டும் ஒன்றையொன்று கண்டுகொள்ளாது. துணியைச் சலவைச் சோடாக் கரைசலில் ஊறவைத்தால் கதை மாறுகிறது. சோடாவின் காரம் ஐதரொட்சில் கூட்டங்கள் சிலவற்றிலிருந்து ஐதரசனைக் கழற்றிவிட, மறையேற்றம் பெற்ற ஒட்சிசன் மிஞ்சுகிறது. அது சாயத்தின் வளையத்தைத் தாக்கிக் குளோரினை வெளியேற்றி, அந்த இடத்தில் தான் அமர்ந்துகொள்கிறது. வெளியேறிய குளோரின் கடைசியில் சோடியத்தோடு சேர்ந்து சாதாரண உப்பாக நீரில் கரைந்து போகிறது.

இதில் ஒரு போட்டியும் உண்டு. தண்ணீரும் சாயத்தின் அதே முனையைத் தாக்கக்கூடியது. தண்ணீரோடு சேர்ந்துவிட்ட சாயம் துணியைப் பிடிக்கும் வலுவை இழந்துவிடும். இதற்கு நீர்ப்பகுப்பு என்று பெயர். தோய்க்கும்போது நிறநிறமாக ஓடும் தண்ணீர் பெரும்பாலும் இப்படி வீணான சாயந்தான்.

ஐஸ் செய்யும் தாமதம்

சாயத்தூளைச் சாதாரண நீரில் கரைத்துத் துணிமேல் ஊற்றினால் என்ன ஆகும்? ஊதா கேட்டால் ஊதா வரும்; துணி முழுதும் ஒரே நிறம். ஐஸ் வழியாகப் போனால் அதே ஊதாவிலிருந்து ஓரிடத்தில் இளஞ்சிவப்பும் ஓரிடத்தில் நீலமும் பிரிந்து வரும். பல கடைச்சாயங்கள் ஒற்றை நிறங்கள் அல்ல, கலவைகள். ஊதாவுக்குள் சிவப்பும் நீலமும், கறுப்புக்குள் மூன்று நான்கு நிறங்களும் இருக்கலாம். ஐஸ் அந்தக் கலவையைப் பிரிக்கிறது.

அது எப்படி என்றால், முதலில் ஐஸ் தண்ணீரைப் படிப்படியாகத்தான் தருகிறது. 1 கிராம் ஐஸை உருக்க 334 யூல் வெப்பம் வேண்டும். உருகிய அந்த நீரைக் கிட்டத்தட்ட 80 பாகை செல்சியஸ் வரை சூடாக்கவும் அவ்வளவு வெப்பமே போதும். ஆகவே நண்பகல் வெப்பத்திலும் ஐஸ் நிதானமாகத்தான் உருகும். தூள் துளித்துளியாகக் கரைகிறது. எளிதில் கரையும் நிறம் முதல் துளிகளோடு இறங்கிவிட, கரைய மறுக்கும் நிறம் பின்தங்குகிறது.

அடுத்தது குளிர். வெப்பநிலை 10 பாகை குறைந்தால் இரசாயனத் தாக்கத்தின் வேகம் ஏறக்குறைய பாதியாகும் என்பது ஒரு பொதுக் கணக்கு. 27 பாகையில் நடப்பது உறைநிலைக்கு அருகே ஆறில் ஒரு பங்கு வேகத்தில்தான் நடக்கும். சாயம் நூலோடு உடனே பிணையாமல் ஈரத்தின் வழியே இன்னும் சிறிது தூரம் போக முடிகிறது. பஸ்ஸில் ஏறியதும் முதல் காலி ஆசனத்தில் உட்கார்ந்துவிடுகிறவரும் உண்டு, கடைசி வரை நடந்து பார்க்கிறவரும் உண்டு. சாயங்களிலும் இந்த இரண்டு இனமும் இருக்கின்றன. சில சிவப்புகள் துணியைக் கண்ட இடத்தில் பிடித்துக்கொள்ளும். நடுவில் செப்பு அணுவைக் கொண்ட பெரிய மூலக்கூறான நீலப்பச்சை மெதுவாகவே பிணையும். அதற்குள் மடிப்பின் ஓரம் வரை போய்விடும். விளிம்புகளில் தெரியும் நீல ஒளிவட்டத்துக்கு இதுவே காரணம்.

மடிப்புகளும் தங்கள் பங்குக்கு வேலை செய்கின்றன. நூல்களுக்கிடையேயான நுண்வெளிகளில் நீர் தானாக ஏறிப் பரவும். இதை மயிர்த்துளை எழுகை என்கிறோம். மடிப்பு நெருக்கமான இடத்தில் நீர் ஒரு விதமாகவும் தளர்ந்த இடத்தில் வேறு விதமாகவும் ஓடுகிறது. ரப்பர் வளையம் இறுக்கிய இடத்தில் நீரே நுழையாததால் வெள்ளைக் கோடு மிஞ்சும். கேகாலைப் பிள்ளைகள் அந்த வளையத்தின் மூலப்பொருளான ரப்பர் பால் சிரட்டையில் வடிவதை வீட்டு வாசலிலேயே பார்த்திருப்பார்கள். முடிச்சிட்ட இடத்தில் சாயம் ஏறாது என்ற இதே அறிவில்தான் மதுரைச் சுங்குடி நிற்கிறது. சௌராஷ்டிர சமூகத்தார் கைமுடிச்சால் புள்ளி வைக்கும் அந்தச் சேலைக்கு 2005இல் புவிசார் குறியீடு கிடைத்தது.

கலந்த நிறங்கள் வேறுவேறு வேகத்தில் நகர்ந்து பிரியும் இந்த இயல்பை ஆய்வுகூடக் கருவியாக்கியவர் ரஷ்யத் தாவரவியலாளர் மிகயில் ஸ்வெட். கடந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் இலைச்சாற்றைச் சுண்ணாம்புத்தூள் நிரப்பிய குழாய் வழியே இறக்கி, பச்சையும் மஞ்சளும் தனித்தனிப் பட்டைகளாகப் பிரிவதைக் காட்டினார். இன்று மருந்தையும் உணவையும் பரிசோதிக்கும் ஆய்வுகூடங்களில் அன்றாடம் நடக்கும் நிறப்பகுப்பு அதன் வாரிசு. பிள்ளைகளுக்கு இதைக் காட்டச் சாயம்கூடத் தேவையில்லை. ஒரு டிஷ்யூ கீலத்தின் அடியிலிருந்து ஓர் அங்குலம் மேலே கறுப்பு ஃபெல்ட் பேனையால் தடித்த புள்ளி வைத்து, அடிநுனி மட்டும் நீரில் படும்படி நிறுத்துங்கள். நீர் ஏற ஏற கறுப்பு தன் உள்நிறங்களைக் காட்டிக்கொடுக்கும்.

செய்யும் முறை

துணியைத் தேர்வதிலேயே பாதி வெற்றி இருக்கிறது. இந்தச் சாயத்துக்குச் செலுலோசு வேண்டும். பழைய பருத்தி வேட்டியும் நைந்த கட்டில் விரிப்பும் மிக நல்லவை. சிறுத்துப்போன வெள்ளைப் பாடசாலைச் சீருடைகள் எல்லா வீட்டிலும் கிடக்கும். ஆனால் அவற்றில் பல பருத்தியும் பொலியெஸ்டரும் கலந்தவை. பொலியெஸ்டரில் ஐதரொட்சில் கூட்டங்கள் செலுலோசில் போல வரிசையாக இல்லாததால் இந்தச் சாயம் அதைப் பிடிக்காது. கலப்புத் துணியில் நிறம் மங்கலாகவே வரும். சந்தேகம் இருந்தால் பெரியவர் ஒருவர் இரண்டு நூலை உருவி நெருப்பில் காட்டட்டும். பருத்தி காகிதம் எரிவதுபோல் எரிந்து, ஊதினால் பறக்கும் சாம்பலாகும். பொலியெஸ்டர் உருகிச் சுருண்டு, ஆறியதும் கெட்டியான மணியாகும்.

அடுத்தது சோடா. அப்பத்துக்குப் போடும் சோடாவும் சலவைச் சோடாவும் ஒன்றல்ல. முன்னது சோடியம் இருகாபனேற்று, காரம் குறைந்தது. பின்னது சோடியம் காபனேற்று. தோட்டத்துக் கடையில் சலவைச் சோடா கிடைக்காவிட்டால் அப்பச் சோடாவையே மாற்றிக்கொள்ளலாம். அகன்ற பழைய தட்டில் பரப்பி 200 பாகை அளவில் ஒரு மணிநேரம் போல் சூடாக்கினால் நீராவியும் காபனீரொட்சைட்டும் வெளியேறிச் சலவைச் சோடா மிஞ்சும். 100 கிராம் போட்டால் ஏறத்தாழ 63 கிராம் எஞ்ச வேண்டும். தராசு 63க்கு அருகே காட்டினால் தாக்கம் முடிந்தது என்று பொருள். சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை சமன்பாட்டை எழுதி இந்த எண்ணைத் தானே கண்டுபிடிக்கலாம்.

1 லீட்டர் நீருக்கு 50 கிராம் சலவைச் சோடா கரைத்து, துணியைக் கால்மணி நேரம் ஊறவைத்துப் பிழிய வேண்டும். கரைசல் தோலை அரிக்கும் என்பதால் கையுறை தேவை. பிழிந்த துணியைப் பிள்ளைகள் தங்கள் விருப்பம்போல் மடிக்கட்டும், சுருட்டட்டும், கசக்கிக் குவிக்கட்டும். விசிறிமடிப்பில் வரிகள் வரும். நடுவில் பிடித்துத் திருகினால் சுழல் வரும். கசக்கினால் பளிங்குக்கல் போன்ற வடிவம் வரும்.

துளையுள்ள பழைய பிளாஸ்டிக் கூடையில் துணியை வைத்து, அடியில் ஒரு பேசினை வைக்க வேண்டும். வடிந்த நிறங்கள் எல்லாம் கலந்தால் சேற்று நிறந்தான் வரும். அந்த நீரில் துணி ஊறக்கூடாது. துணி மறையும்படி ஐஸை அடுக்கி, அதன்மேல் தூளைத் தூவ வேண்டும். ஒரு சிறு சதுரத் துணிக்கு ஒரு தேக்கரண்டி தூள் தாராளம். நொறுக்கிய ஐஸ் விரைவாக உருகிப் பொடிப்பொடியான புள்ளிகளைத் தரும். பெரிய கட்டிகள் நின்று உருகி அகலமான ஓட்டங்களைத் தரும். ஒரே எடையுள்ள ஐஸில் எது அதிக மேற்பரப்பை வெளிக்காட்டுகிறது என்று பிள்ளைகளிடம் கேட்டுவிட்டு, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கவிடலாம். தூளை ஐஸுக்கு மேலே தூவாமல் கீழே, துணிமேல் நேரடியாகத் தூவினால் நிறம் அடர்ந்து நிற்கும், பரவல் குறையும்.

இதில் தூவுவது பெரியவரின் வேலை, விட்டுக்கொடுக்கக் கூடாத வேலை. பருத்தியைப் பிடிக்கும் அதே முனை நம் உடலின் புரதங்களையும் பிடிக்கும். தூளை மூச்சில் இழுத்துக்கொண்டிருந்தால் காலப்போக்கில் சுவாச ஒவ்வாமை வரலாம். முகக்கவசமும் கையுறையும் போட்டு, நனைத்த பத்திரிகைத் தாளை விரித்து, காற்றடிக்காத இடத்தில் தூவ வேண்டும். ஐஸ் ஈரமாக இருப்பதால் விழுந்த தூள் பறக்காது. கரைந்த பின் ஆபத்து பெரிதும் குறையும். சாயத்துக்கு எடுத்த கூடையும் கரண்டியும் மறுபடி குசினிக்குள் போகக் கூடாது. நிறம் ஊறிய ஐஸ் கடையில் விற்கும் ஐஸ் பக்கட் மாதிரியே கண்ணைப் பறிக்கும் என்பதால் சின்னஞ்சிறுசுகள் பக்கத்தில் இருந்தால் கண் வைத்திருக்க வேண்டும்.

ஐஸ் முழுதும் உருகிய பின்னும் துணியை உடனே எடுக்கக் கூடாது. குளிரில் நடந்தது பயணந்தான். பிணைப்பு பெரும்பாலும் இனிமேல்தான். ஈரம் காயாமல் பொலித்தீனால் மூடி மறுநாள் வரை விட வேண்டும். குளிர் நாடுகளில் இந்தக் கட்டத்தில் துணியைச் சூடான இடம் தேடி வைக்கிறார்கள். இரத்தினபுரியில் இரவில்கூட வெப்பநிலை 20 பாகைக்குக் கீழ் இறங்குவது அரிது. துணி உலராத நம் ஊர்க் காற்றை நாளெல்லாம் திட்டுகிறோம். இந்த ஒரு வேலைக்கு அது வரம்.

பிறகு முதலில் பச்சைத் தண்ணீரில் அலச வேண்டும். அதில் சோடா போய்விடும். அடுத்து சவர்க்காரம் போட்ட சுடுநீர்; வலுவிழந்து சும்மா ஒட்டியிருக்கும் சாயம் அதில் வெளியேறும். வரிசையை மாற்றினால் ஒரு பகுதியின் நிறம் வெள்ளைப் பகுதியில் ஏறிவிடும். தண்ணீர் தெளிந்த பிறகும் ஒரு சோதனை வேண்டும். ஈரத் துணியை ஒரு வெள்ளைத் துண்டோடு சேர்த்து மடித்து இரவு முழுதும் வைத்துப் பார்த்து, கறை பட்டிருந்தால் இன்னொருமுறை தோய்க்க வேண்டும். அடுத்த வீட்டுக் கல்யாணச் சேலையில் நம் சாயம் இறங்கிய பின் இரசாயனம் பேசிப் பயனில்லை.

தேயிலையும் துருவும்

பிணையும் சாயத்தூளைக் கொழும்புக் கடைகளில்தான் தேட வேண்டியிருக்கும். சிறுவர் நிலையத்துப் பிள்ளைகளின் அருகே அதைக் கொண்டுபோகவும் கூடாது. சின்னவர்களுக்கு ஏற்ற சாயம் தோட்டத்திலேயே இருக்கிறது. இலங்கைத் தேயிலைச் சபை வகுத்த ஏழு தேயிலைப் பிரதேசங்களில் சப்ரகமுவையும் ஒன்று. கொழுந்து எடுப்பவரின் விரல்நுனியில் ஏறிய கறை எளிதில் போவதில்லை. இலையின் பொலிபீனோல்கள் காற்றின் ஒட்சிசனோடு சேர்ந்து உண்டாக்கும் கறை அது. தொழிற்சாலையில் பச்சை இலையைக் கறுப்புத் தேயிலையாக்குவதும் இதே மாற்றந்தான்.

தேயிலைச் சாயம் மட்டும் துணியில் இளம்பழுப்பாக நிற்கும். இரும்பைச் சேர்த்தால் சாம்பலாகி, கறுப்புவரை போகும். முன்சொன்ன இரண்டாம் விதம் இது. இரும்பு அயன் பொலிபீனோலையும் நூலையும் சேர்த்துப் பிடித்துக்கொள்கிறது. ஐரோப்பாவில் பல நூற்றாண்டு ஆவணங்களை எழுதிய கறுப்பு மை இரும்பும் மாசிக்காய் போன்ற துவர்ப்புப் பொருளும் சேர்ந்ததே.

கடுங்கறுப்பாகக் காய்ச்சிய சாயத்தண்ணீரில் பருத்தித் துணியை இரவு முழுதும் ஊறவைத்துப் பிழிந்துகொள்ளுங்கள். துருப்பிடித்த ஆணிகளை ஒரு கிழமை வினாகிரியில் போட்டு வைத்தால் இரும்பு கரைந்து செம்பழுப்பு நீர் கிடைக்கும். அதை வடிகட்டி, தண்ணீர் கலந்து ஐஸ் தட்டில் உறையவைத்து, கட்டிகளைத் துணிமேல் பரப்பினால் உருகும் நீர் ஓடிய வழியெல்லாம் கறுக்கும்.

இங்கே ஐஸ் இன்னொரு பாடமும் நடத்துகிறது. ஐஸ் பக்கட்டை உறிஞ்சினால் முதலில் இனிப்பும் நிறமும் வந்துவிட்டு, கடைசியில் வெள்ளை ஐஸ் மட்டும் கையில் மிஞ்சும் அல்லவா? நீர் உறையும்போது தன் பளிங்கமைப்புக்குள் பிற பொருட்களைச் சேர்த்துக்கொள்வதில்லை. சீனியும் நிறமும் பளிங்குகளுக்கு இடையே செறிந்து, அங்கே உறைநிலை குறைவதால் முதலில் உருகி வெளியே வந்துவிடுகின்றன. இரும்பு ஐஸ் கட்டியிலும் இதுவே நடக்கிறது. முதல் துளிகள் அடர்த்தி மிக்கவை, அவை விழுந்த இடம் கறுப்பு. பின்துளிகள் ஐதானவை, அவை பரவிய இடம் சாம்பல். ஒரு கட்டி தன்னைச் சுற்றி நிறப்படிகளை வரைந்துவிடும். இரும்பு அளவுக்கு மீறினால் நாளடைவில் நூலை இற்றுப்போகச் செய்யும். ஐதாகவே கலப்பது நல்லது. இந்தக் கட்டிகளுக்குத் தனித் தட்டு வைத்து, அதை உணவுப் பக்கம் கொண்டுபோகாதிருப்பதும் அவசியம்.

கட்டுவதும் ஒரு கணக்கு

எவ்வளவு துணி வேண்டும் என்பதற்கு ஒரு சுலப விதி உண்டு. பொருளின் நீளம் துணியின் மூலைவிட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு இருக்கலாம். 50 சென்ரிமீற்றர் சதுரத்தின் மூலைவிட்டம் பைதகரசின்படி ஏறக்குறைய 71 சென்ரிமீற்றர். ஆகவே 23 சென்ரிமீற்றர் நீளப் பொருளை அதில் கட்டலாம். ஒக்டோபர் 6 ஆசிரியர் தினத்துக்கு ஒரு நாட்குறிப்போ புத்தகமோ கொடுக்க அது போதும். சேலைப் பெட்டிக்கு 75 சென்ரிமீற்றர் சதுரம் எடுத்தால் 35 சென்ரிமீற்றர் வரை தாங்கும்.

பொருளைத் துணியின் நடுவில் மூலைவாக்காக வைத்து, எதிரெதிர் மூலைகள் இரண்டை மேலே மடித்துச் செருகி, மற்ற இரண்டையும் இரட்டை முடிச்சாகப் போட வேண்டும். முதல் முடிச்சில் வலது நுனி இடதின் மேல் போனால் இரண்டாவதில் இடது நுனி வலதின் மேல் போக வேண்டும். இரண்டிலும் ஒரே பக்கம் போனால் முடிச்சு கோணலாக நின்று வழுக்கிவிடும். சரியாக விழுந்த முடிச்சு தட்டையாக இருக்கும். இழுக்க இழுக்க உராய்வு கூடி இறுகும். ஒரு நுனியைப் பின்னோக்கிச் சுண்டி இழுத்தால் சுலபமாக அவிழும். பசைநாடாவும் கத்தரிக்கோலும் தேவையில்லாமல் போவதற்கு இந்த முடிச்சே காரணம்.

துணி என்றாலே சுற்றுச்சூழலுக்கு நல்லது என்று மட்டும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டாம். 1 கிலோ பருத்தித் துணி உருவாக, உலகச் சராசரியாக ஏறத்தாழ 10,000 லீட்டர் நீர் செலவாகிறது. 50 சென்ரிமீற்றர் சதுரத் துண்டு ஒன்று 30 கிராம் எடை என்று வைத்துக்கொண்டால், அதற்குள் 300 லீட்டர் நீர் அடங்கியிருக்கிறது. பரிசு கட்டுவதற்கென்று கடையில் புதுத்துணி வாங்கி, ஒருமுறை கட்டிக் கொடுத்துவிட்டு மறந்தால் அது பளபளப்புத் தாளைவிட மோசமான செலவாகிவிடும். ஏற்கெனவே உடுத்திக் கிழிந்த வேட்டியில் செய்தால் அந்த 300 லீட்டர் முன்பே செலவழிந்த கணக்கு.

அலசிய நீருக்கும் பொறுப்பு இருக்கிறது. சாயத்தில் ஒரு பங்கு எப்படியும் துணியில் ஏறாமல் நீரோடு போகும். வடிந்த நீரையும் முதல் அலசல் நீரையும் ஒரு வாளியில் சேர்த்து, கொஞ்சம் வினாகிரி விட்டுக் காரத்தைத் தணித்து, பீலிக்கும் ஓடைக்கும் கிணற்றுக்கும் எட்டத்தில் மண்ணில் ஒரு குழி பறித்து ஊற்ற வேண்டும். தாளைக் கானில் போடாமல் காப்பாற்றிய ஆற்றுக்குச் சாயத்தை அனுப்பினால் செய்த வேலைக்கு அர்த்தமில்லை.

மிச்சமிருப்பது துணி திரும்பி வருமா என்ற கேள்வி. அதற்குப் புதுச் சட்டம் எதுவும் வேண்டாம். பலகாரம் வந்த பாத்திரத்தை வெறுமனே திருப்பி அனுப்பும் பழக்கம் நம் வீடுகளில் இல்லை. கொஞ்சம் சீனியாவது போட்டுத்தான் கொடுப்போம். துணியையும் அந்தப் பாத்திரத்தின் கணக்கில் சேர்த்துவிட்டால் போதும். எந்த வீட்டுப் பிள்ளை செய்தது என்று தெரியும்படி மூலையில் நூலால் ஒரு அடையாளம் தைத்து அனுப்பலாம். பத்து விழாவுக்குப் போய்வந்த பிறகு விரித்து வைத்து, முதல் நாள் எடுத்த படத்தோடு நிறத்தை ஒப்பிட்டுப் பார்க்கட்டும். மஞ்சளில் தோய்த்த துணி, தேயிலையும் இரும்பும் பட்ட துணி, பிணையும் சாயம் ஏறிய துணி என்று மூன்றையும் இப்படிச் சுற்றில் விட்டால், எந்தப் பிடி எத்தனை தோய்ப்பு தாங்குகிறது என்பதற்குப் பிள்ளைகளின் கையிலேயே சான்று இருக்கும்.